பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எடை ஏறுகிறது, தூக்கம் குறைகிறது: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

குடந்தைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் இருப்பதைக் கேட்கிறேன். என் மகன் பத்தாம் வகுப்பு. ஒன்பதாவது முடியும்வரை அளவான உடம்பு. இந்த ஒரு வருடத்தில் பழைய பேன்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை, யூனிபார்ம் சட்டை பட்டன் இழுக்கிறது. சொந்தக்காரர்கள் வந்தால் முதல் பேச்சே அதுதான். "சோத்தைக் குறை, பலகாரத்தை நிறுத்து" என்று ஆளுக்கொரு யோசனை. எங்கள் வீட்டுச் சாப்பாடு மாறவே இல்லை. மாறியது அவன் தூங்கும் நேரம்தான்.

காலை 4:45க்கு எழுப்புகிறேன். 5:15க்கு கணக்கு டியூஷன். வந்து குளித்துவிட்டு 7:20க்கு வேன். அந்த அவசரத்தில் ஒரு தம்ளர் காபி, சில நாள் கூட ஒரு இட்லி. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வர 6:30. சோபாவில் சாய்ந்தவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிடுவான். 7:30க்கு எழுப்பி மறுபடியும் டியூஷன். 9 மணிக்கு மேல் தோசை, அப்புறம் எழுத்து வேலை, அதற்கப்புறம் போன். 12 ஆகிவிடுகிறது. 11 மணி வாக்கில் ஃபிரிட்ஜ் மேலே இருக்கும் மிக்சர் டப்பா திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். பகலில் அதை அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தூக்கம் கெட்டால் எடை கூடும் என்று சொல்வது உண்மையா? உண்மை என்றால் எதை முதலில் மாற்றுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைமடை (திருத்துறைப்பூண்டி பக்கம்):

தங்கச்சி, நாங்களும் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து வளர்ந்தவர்கள்தான். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் மண்வெட்டியோடு ராத்திரி முழுக்க மடையில் நின்றிருக்கிறோம். பயிருக்குப் பாயவேண்டிய தண்ணீரை விட்டுவிட்டுத் தூங்க முடியுமா? யாருக்கும் தொப்பை போடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம், வாய்க்காலில் நீந்தினோம். இப்போது பிள்ளைகள் வாசலில் வேன் ஏறி வாசலில் இறங்குகிறார்கள். ஓடி விளையாடத் திடலும் இல்லை, நேரமும் இல்லை. அதைச் சரிசெய்தால் தூக்கம் தானாக வரும் என்பது என் எண்ணம்.

வெண்ணாற்றங்கரை:

அண்ணன் சொல்வதில் உடலுழைப்பு பற்றிய பகுதி நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 4 மணிக்கு எழுந்த அந்தத் தலைமுறை எத்தனை மணிக்குப் படுத்தது? விளக்கு வைத்துச் சாப்பிட்டு 8 மணிக்குப் பாயை விரித்த வீடுகள்தானே அதிகம். 8க்குப் படுத்து 4க்கு எழுந்தால் 8 மணி நேரம். குடந்தைக்காரி அக்காவின் மகனுக்குக் கிடைப்பது 5 மணி நேரம், அதற்கு மேல் சோபாவில் ஒரு துண்டுத் தூக்கம்.

13 முதல் 18 வயதுவரை தினம் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016ல் சொன்னது. நம் ஊர்ப் பிள்ளையின் உடம்பும் அதே உடம்புதான்.

எடைக்கு வருகிறேன். பசியை எழுப்புவதற்கு கிரெலின் என்றொரு ஹார்மோன், "போதும்" என்று சொல்வதற்கு லெப்டின் என்றொன்று. 2004ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்கள் 12 பேரை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு, இன்னொரு முறை இரண்டு இரவு 10 மணி நேரம் படுக்கவிட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறைத்துத் தூங்கியபோது லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. பசி 24 சதவீதம் கூடியதாக அவர்களே சொன்னார்கள். அதிலும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்கள் மேல்தான் அதிக ஆசை. அக்கா, உங்கள் மகன் 11 மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுவதை வெறும் நாக்கு ருசி என்று தள்ளிவிடாதீர்கள். விழித்திருக்கும் உடம்பு கேட்கிறது.

மன்னை வடக்கு வீதி:

12 பேர், இரண்டு இரவு. அதுவும் பெரியவர்கள். இதை வைத்து நம் பிள்ளைகளுக்கு முடிவு சொல்லலாமா? தூங்காத பிள்ளை போன் பார்க்கிறான், போன் பார்க்கிற பிள்ளை விளையாடப் போவதில்லை, விளையாடாத பிள்ளைக்கு எடை ஏறுகிறது. இதில் தூக்கத்தின் மேல் பழியைப் போடுவது எப்படி? எடை கூடியதால் தூக்கம் கெட்டது என்றும் இருக்கலாம் இல்லையா? கேட்பதற்காகக் கேட்கவில்லை. என் மகளுக்கு 14 வயது, எனக்கும் இதே கவலை இருக்கிறது.

வெண்ணாற்றங்கரை:

நியாயமான கேள்வி. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2008ல் ஒரு தொகுப்பு வந்தது. குறைவாகத் தூங்கும் பிள்ளைகளுக்கு உடல்பருமன் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு என்று அதில் கண்டார்கள். ஆனால் நீங்கள் சொன்ன சிக்கல் அதிலும் உண்டு. இரண்டும் சேர்ந்து இருக்கிறது என்றுதான் அது காட்டும், எது எதனால் என்று காட்டாது.

அதனால்தான் பிள்ளைகளை வைத்தே செய்த சோதனை முக்கியம். 2021ல் அமெரிக்காவில் பதின்வயதினர் 93 பேரை ஒரு வாரம் தினம் ஆறரை மணி நேரமும், இன்னொரு வாரம் ஒன்பதரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்து, சாப்பிட்டதை எல்லாம் குறித்தார்கள். கவனியுங்கள், மொத்தக் கலோரி இரண்டு வாரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தூக்கம் குறைந்த வாரத்தில் தினம் 12 கிராம் சர்க்கரை கூடுதலாக உள்ளே போயிருக்கிறது, காய்கறியும் பழமும் குறைந்திருக்கிறது. 12 கிராம் என்றால் சுமார் மூன்று டீஸ்பூன். ஒரு நாளில் அது ஒன்றுமில்லை. பள்ளி ஆண்டு முழுக்க தினமும் நடந்தால்?

பெரியவர்களிடம் செய்த இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2022ல் வந்தது. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் அதிக எடைக்காரர்கள் 80 பேரில் ஒரு பாதிப் பேரைச் சுமார் 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றப் பாதியோடு ஒப்பிட்டால் அவர்கள் தினம் 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். தோராயமாக ஒரு பரோட்டா.

என் கருத்து இதுதான்: எடை கூடுவதற்குப் பல காரணங்கள், தூக்கம் அதில் ஒன்று. மற்றவற்றோடு ஒப்பிட்டால் அதைச் சரிசெய்யக் காசும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம். அப்படியிருந்தும் நம் வீடுகளில் முதலில் கை வைப்பது பிள்ளையின் தட்டில்.

வார்டு டூட்டி:

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். மன்னை அண்ணன் கேட்டதில் ஒரு விஷயத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. எடை கூடியதால் தூக்கம் கெடுவது நிஜமாகவே நடக்கிறது. கழுத்தைச் சுற்றிச் சதை போட்டாலும், டான்சில், மூக்கடிச் சதை வீங்கியிருந்தாலும் படுத்ததும் மூச்சுக்குழாய் அடைபடும். பிள்ளை குறட்டை விடும், வாயைத் திறந்துகொண்டு தூங்கும், நடுவில் மூச்சு நின்று திணறி எழும். 9 மணி நேரம் படுத்திருந்தாலும் அது தூக்கக் கணக்கில் வராது. வகுப்பில் தூங்கி வழிகிறான், காலையில் தலைவலி என்கிறான் என்றால் சோம்பேறி என்று திட்டாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

குடந்தைக்காரி அக்கா, இன்று மகன் குளித்துவிட்டு வரும்போது பின்கழுத்தைப் பாருங்கள். மடிப்பில் கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தால் அது அழுக்கில்லை. தேங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிவிட்டு வரும் தாய்மார்களை நிறையப் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அது அடையாளமாக இருக்கலாம். சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். பெண்பிள்ளைகள் என்றால் மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்றும் கேளுங்கள்.

அதிக எடையா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். பெரியவர்களின் பிஎம்ஐ கணக்கை (உயரத்துக்கு எடை சரியா என்று பார்ப்பது) அப்படியே பிள்ளைகளுக்குப் போடவும் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் இருக்கிறது, வயதுக்கும் ஆண் பெண்ணுக்கும் தனித்தனியாக. அதில் பெரியவர்களின் பிஎம்ஐ 23க்கு இணையான கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 27க்கு இணையானதைத் தாண்டினால் உடல்பருமன். அரசுப் பள்ளியாக இருந்தால் பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடமே கேட்கலாம்.

இன்னொன்று. இது வளரும் வயது. கொஞ்சம்தான் கூடுதல் என்றால் எடையைக் குறைக்கவே வேண்டாம், மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். உயரம் கூடும்போது தானாகச் சமன் ஆகும். பட்டினி மட்டும் போடாதீர்கள்.

பிளஸ் ஒன் வலங்கைமான்:

பெரியவர்கள் பேசுவதில் நானும் சொல்லலாமா? நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எல்லாரும் போனையே சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் ஒரே ஹால். டிவியில் சீரியல் 10 மணிவரை ஓடும், அதற்கப்புறம்தான் அங்கே பாய் போட முடியும். ஆயா காலையில் எழுந்து விளக்கைப் போட்டுவிடும். வாசல் தெளித்துக் கோலம் போடுவது என் வேலை, தம்பிக்கு அது கிடையாது. அவன் 6:30 வரை தூங்குவான்.

10 மணிக்கே படுத்தாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. 11:30 ஆகிறது. அம்மா நான் நடிப்பதாக நினைக்கிறது. அது ஏன் என்று யாராவது எழுதினால் அம்மாவிடம் காட்டுவேன்.

வெண்ணாற்றங்கரை:

தங்கச்சி, இதை அப்படியே அம்மாவிடம் காட்டு. பருவ வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது சின்ன வயதில் இருந்ததைவிட ஒன்று, இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கும். அமெரிக்காவில் மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் இதைப் பற்றியே வேலை செய்திருக்கிறார். நீ நடிக்கவில்லை. 9 மணிக்குத் தூங்கு என்றால் 16 வயது உடம்பு கேட்காது, 4:45க்கு எழு என்றாலும் கேட்காது. கலிபோர்னியா மாநிலத்தில் இதற்காகச் சட்டமே போட்டார்கள். 2022 ஜூலையில் இருந்து அங்கே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கக் கூடாது.

தூங்கப் போகும் நேரத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வெளிச்சம் இருந்தால் மெலடோனின் இன்னும் தள்ளிப்போகும். அது போன் வெளிச்சமாக இருந்தாலும் சரி, ஹால் டியூப்லைட்டாக இருந்தாலும் சரி. சாப்பிட்டு முடித்ததும் டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கு ஒன்றைப் போடச் சொல்லிப் பார்.

குடந்தைக்காரி:

வலங்கைமான் பாப்பா எழுதியதைப் படித்ததும் மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. கோல வேலையை தம்பிக்கும் பாதி நாள் கொடுக்கச் சொல்லுமா. ஆண்பிள்ளை போட்டால் புள்ளி தப்பாது.

செவிலியர் தங்கச்சி, கழுத்தைப் பார்த்தேன், கறுப்பு இல்லை. குறட்டையும் இல்லை. இந்த வாரம் எடையும் உயரமும் எடுத்து டாக்டரிடம் காட்டப்போகிறேன்.

டியூஷன் சார்:

இந்த இழையில் விடியற்காலை டியூஷன்தான் குற்றவாளியாக நிற்கிறது. 5:15 வகுப்பு எடுக்கும் ஆள் என்ற முறையில் என் பக்கத்தையும் கேளுங்கள். இந்த நேரத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பகலில் எனக்குப் பள்ளி வேலை. சாயங்காலம் பள்ளியிலேயே ஸ்பெஷல் கிளாஸ் வைத்துக்கொள்கிறார்கள். 7:30க்கு மேல் வகுப்பு வைத்தால் 9 ஆகிவிடும். கிராமத்துப் பெண்பிள்ளைகள் வாய்க்கால் கரையோரம் விளக்கில்லாத பாதையில் சைக்கிளில் போக வேண்டும். டவுன் பஸ்ஸும் அதற்குள் போய்விடும். காலை வகுப்பென்றால் முடியும்போது வெளிச்சம் வந்துவிடும், பெற்றோருக்கு நிம்மதி. என்னிடம் காலையில் வருவதில் பெண்பிள்ளைகள்தான் அதிகம். காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்றும் பெற்றோர்கள் நம்புகிறார்கள்.

வெண்ணாற்றங்கரை:

சார், பாதுகாப்பு பற்றிச் சொன்னதற்கு நன்றி. வெளியூர்க் கட்டுரைகள் எதிலும் இது வராது, நம் ஊர்க்காரர்தான் சொல்ல முடியும்.

மனதில் நிற்பது பற்றி ஒன்று. படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான். ராத்திரி படித்துவிட்டு 5 மணி நேரத்தில் எழுந்துவரும் பிள்ளைக்கு முதல் நாள் படித்ததும் பதியாது, காலையில் நீங்கள் நடத்துவதும் ஏறாது. நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளைக்குத்தான் காலைப் படிப்பு நிற்கும். அந்த நம்பிக்கை உண்டான காலத்தில் பிள்ளைகள் அப்படித் தூங்கி எழுந்தார்கள்.

கூத்தாநல்லூர் அத்தா:

டீ, காபி பற்றி யாரும் பேசவில்லையே. படிக்கிற பிள்ளைக்கு என்று ராத்திரி 10 மணிக்கு ஃபிளாஸ்கில் ஊற்றி மேசையில் வைப்பது பல வீட்டில் நடக்கிறது. அன்பால் செய்வதுதான். ஆனால் காபியில் இருக்கும் காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 10 மணிக்குக் குடித்தது 3 மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். சர்க்கரை தனி. எங்கள் வீட்டில் அசர் தொழுகைக்கு (பிற்பகல் தொழுகை) அப்புறம் பிள்ளைகளுக்கு டீ கிடையாது, பால்தான்.

ஞாயிற்றுக்கிழமை 11 மணிவரை தூங்கவிடலாமா என்று யாராவது சொல்லுங்கள். என் மகன் அப்படித்தான் கடனைத் தீர்க்கிறான்.

வார்டு டூட்டி:

அத்தா, கொஞ்சம் கூடுதலாகத் தூங்கட்டும், அது அந்த உடம்புக்குத் தேவை. ஆனால் 11 மணிவரை போனால் அன்று ராத்திரி 1 மணிக்கும் தூக்கம் வராது, திங்கட்கிழமை பாடாகிவிடும். வழக்கத்தைவிட ஒரு மணி, இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கியதும் எழுப்பிவிடுங்கள். மத்தியானம் சாப்பிட்டு அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் தப்பில்லை. சாயங்காலம் 6:30க்கு ஒரு மணி நேரம் தூங்குவதுதான் ராத்திரித் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது.

மன்னை வடக்கு வீதி:

என் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். என் மகள் ஒல்லி. அவளும் 6 மணி நேரம்தான் தூங்குகிறாள். இந்த இழையைப் படித்துவிட்டு "என் பிள்ளை ஒல்லிதானே, தூங்காவிட்டால் என்ன" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எடை ஏறினால்தான் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவோம் என்றால் பாதிப் பிள்ளைகளை விட்டுவிடுவோம்.

காலை உணவும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரிவாக்கித் தொடங்கினார்கள். அது ஐந்தாம் வகுப்புவரை. பெரிய பிள்ளைகள் வெறும் காபியோடு ஓடுகிறார்கள், 11 மணி இடைவேளையில் பள்ளி வாசல் கடையில் பப்ஸும் கூல் டிரிங்க்ஸும். முக்கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கி, உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி காலையை அமைக்க முடிந்தால் இரண்டும் ஒன்றாகத் தீரும்.

கடைமடை (திருத்துறைப்பூண்டி பக்கம்):

எல்லாவற்றையும் படித்தேன். தூக்கம் தானாக வரும் என்று முதலில் எழுதினேன், இப்போது சொல்கிறேன், தூங்க நாம் இடம் கொடுத்தால்தான் வரும். உழைப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை. சாயங்காலம் வந்ததும் சோபாவில் விழாமல் அரை மணி நேரம் வெளியே பந்து விளையாடட்டும், அந்தக் கெட்ட நேரத் தூக்கமும் போகும்.

வேன் விஷயம் ஒன்று. எங்கள் ஊரில் வேன் முதலில் ஏற்றுவது கடைசி ஊர்ப் பிள்ளைகளை. 6:30க்கே நிற்க வேண்டும், பள்ளி 8:45க்கு. டவுன் பக்கத்துப் பிள்ளை 8 மணிக்கு ஏறுகிறது. வாய்க்கால் தண்ணீர் மாதிரி இதிலும் கடைமடைக்குத்தான் கஷ்டம். பெற்றோர்கள் சேர்ந்து கேட்டோம். இரண்டு பக்கமும் ரோடு இருப்பதால் ஒரு மாதம் இந்தப் பக்கமிருந்தும் அடுத்த மாதம் அந்தப் பக்கமிருந்தும் சுற்றி வரச் சம்மதித்தார் ஓட்டுநர். டீசல் கூடுதல் ஆகவில்லை. மற்ற ஊர்க்காரர்களும் கேட்டுப் பாருங்கள்.

டியூஷன் சார்:

என்னிடம் வரும் பெற்றோர்களிடம் பேசினேன். பள்ளியில் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடக்கும் நாட்களில் என் காலை வகுப்பு வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று முறை கேட்டு என்ன ஆகப்போகிறது. வாரத்தில் மூன்று நாள் மட்டும், 5:15க்குப் பதில் 5:45. சனிக்கிழமை பகலில் இரண்டு மணி நேரம் சேர்த்து எடுக்கிறேன். இரண்டு வீட்டார் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார்கள். சரி, அது அவர்கள் முடிவு.

குடந்தைக்காரி:

சார், எங்கள் பக்கத்து ஆசிரியரிடமும் உங்கள் ஏற்பாட்டைக் காட்டலாம் என்றிருக்கிறேன், ஆட்சேபணை இல்லையே?

டாக்டரிடம் போய்வந்தோம். அதிக எடைக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறான், சர்க்கரையும் தைராய்டும் சரியாக இருக்கிறது. தட்டில் குறைக்கச் சொல்லவில்லை. 10:30க்குப் படுக்கை, ராத்திரிச் சாப்பாடு 8 மணிக்கு, பசித்தால் வேகவைத்த கடலையோ பழமோ. சாயங்கால டியூஷனை நிறுத்திவிட்டோம். வீட்டில் எல்லாருடைய போனும் 10 மணிக்கு சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜுக்குப் போகும், என்னுடையதும் அவன் அப்பாவுடையதும் உட்பட. அதில் அவனுக்கு வருத்தமில்லை, அப்பா போனும் போகிறதே என்பதால்.

மிக்சர் டப்பா அதே இடத்தில்தான் இருக்கிறது, நான் ஒளித்துவைக்கவில்லை. சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிட்டேன், பிள்ளை உடம்பைப் பற்றி அவன் முன்னால் பேச வேண்டாம் என்று.

அத்தா, பொதுத் தேர்வு நெருங்கும்போது இதையெல்லாம் எப்படிக் காப்பாற்றுவது? போன வருடம் பொதுத் தேர்வு எழுதிய உங்கள் மூத்த மகனைத் தேர்வு மாதத்தில் எத்தனை மணிக்குப் படுக்கவிட்டீர்கள்?

கூத்தாநல்லூர் அத்தா:

11 மணி, அதற்கு மேல் இல்லை. தேர்வுக்கு முந்திய ராத்திரி 10. திருப்புதல் தேர்வு தொடங்கும் ஜனவரியிலேயே அந்த நேரத்துக்குப் பழக்கிவிடுங்கள். மார்ச்சில் போய் மாற்றினால் உடம்பு கேட்காது.